இருபத்து மூன்று வெள்ளாடுகள் மலையிறங்கிய நாள்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. முதல் தடவை சொன்னபோது தப்பாகத்தான் சொன்னேன். பதினொரு வயதில், கண்மாய்க் கரையிலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்து, வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்த அப்பாவிடம் "கூழைவாலி என் புத்தகத்தைத் தின்னுருச்சுப்பா" என்று முதலில் சொன்னேன். "ஆடுகளைக் காணோம்" என்று இரண்டாவதாகச் சொன்னேன். புத்தகம் என்ற சொல் முதலில் விழுந்ததால், இந்தக் கழுதை படிச்சுக்கிட்டே இருந்து இருபத்து மூணு உருப்படியையும் தொலைச்சிருச்சு என்று அப்பா முடிவுகட்டினார். ஐந்தாம் வகுப்பு அதோடு நின்றது. ஆட்டைத் தொலைத்தவள் என்ற பெயர் மட்டும் நிற்காமல், கல்யாணப் பந்தலுக்கும் பிரசவ வார்டுக்கும், வீட்டுக்காரர் செத்த வீட்டுக்கும் என் கூடவே வந்தது. வரிசையை மாற்றிச் சொல்லியிருந்தால் எல்லாம் வேறு மாதிரி போயிருக்குமோ என்று நாற்பத்தோரு வருஷமாக யோசிக்கிறேன்.

அதனால் இந்தத் தடவை ஆட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஆடுகள் மலையிலிருந்து இறங்கின. எங்கள் ஊர் மலையிலிருந்து அல்ல, எங்கள் ஊரில் மலையே கிடையாது. உலகத்தின் வடக்கு விளிம்பில், மரம் முளைக்கப் பயப்படுகிற, காற்று மனுஷரைத் தோளைப் பிடித்துத் திருப்பிவிடுகிற ஒரு தீவு நாட்டில், பாசி பிடித்த கருங்கல் மலையிலிருந்து, செப்டம்பர் மாதம் முதல் சனிக்கிழமை காலையில், வேறு யாருடைய செம்மறிகளோடோ சேர்ந்து, அப்பாவுடைய இருபத்து மூன்று வெள்ளாடுகளும் ஒரு நாள்கூட வயது கூடாமல் இறங்கின.

நான் அங்கே போனது என் மகள் வேணியைப் பார்க்க. வேணி அங்கே எரிமலை படிக்கிறாள். எரிமலையைப் படிக்க என்ன இருக்கிறது, பார்த்தவுடன் ஓட வேண்டியதுதானே என்று நான் கேட்டதற்கு, "நீ வந்து பாரும்மா, ஓடவே தோணாது" என்று மூன்று மாதத்துக்கு விசா எடுத்து வரவழைத்தாள். வந்து பார்த்தேன். முதல் நாளிலிருந்தே எனக்கு ஓடத்தான் தோன்றியது. ஒரு இடத்தில் தரை கொதித்தது, அந்தச் சூட்டில் ரொட்டி மாவைப் பானையோடு புதைத்துவிட்டு ஒரு பெண் உட்கார்ந்து கதை படித்துக்கொண்டிருந்தாள். ஒரு இடத்தில் அருவி கீழே விழுவதற்குப் பதில் காற்றில் மேலே போய்க்கொண்டிருந்தது. ஒரு கடற்கரையில் மணல் அடுப்புக்கரி மாதிரி கறுப்பாக இருந்தது, அலைக்கு முதுகைக் காட்டாதீர்கள் என்று பலகை எழுதி வைத்திருந்தார்கள், அதற்குப் பிறகு நான் எந்தக் கடலுக்கும் முதுகைக் காட்டவில்லை, காருக்குத் திரும்பும்போதுகூடக் கடலைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்தேன். பையில் எப்போதும் புளிச்சோறும் ஊறுகாயும் தைலமும் வைத்திருந்தேன். எங்கே போனாலும் வேணியின் சட்டை நுனியை ஒரு விரலால் பிடித்திருந்தேன். அங்கே தொலைந்தால் தேடுவதற்கு ஒரு மரம்கூட அடையாளமில்லை.

அப்படிச் சுற்றிக்கொண்டே போய் வடக்குக் கரையில் ஒரு பண்ணையில் தங்கினோம். பண்ணைக்காரர் பெயர் ஆஸ்கெய்ர். எழுபது வயது, வேலிக்கம்பம் மாதிரி ஆள். அங்கே எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம், நாட்டை ஆளுகிறவர்களைக்கூட. எனக்கு நாக்கு வரவில்லை. அண்ணே என்றேன். அண்ணே என்பது பட்டம் போலிருக்கிறது என்று நினைத்து அவர் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்தார். மூக்குப்பொடி டப்பாவையும் நீட்டினார். என் வீட்டுக்காரர் போட்ட அதே மாதிரிக் காரமான பொடி. அவர் மனைவி ஸ்டெய்னுன் அந்த வட்டாரத்தின் காதுக்குறிப் புத்தகத்தை வைத்திருப்பவள். கோடையில் எல்லாப் பண்ணைச் செம்மறிகளையும் மலையில் அவிழ்த்துவிட்டு விடுவார்கள், அவை தன்னிஷ்டப்படி மேயும். செப்டம்பரில் ஊரே திரண்டு மலையேறி வரிசையாக நின்று ஓட்டிவரும். இறங்கினதும் வண்டிச்சக்கரம் மாதிரி ஒரு பெரிய வட்டப்பட்டி. நடுக்குடத்தில் எல்லா ஆடும் நெரிந்து நிற்கும், சுற்றிலும் ஆரக்கால் ஆரக்காலாக ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு அறை. ஆட்டின் காதைப் பிடித்துப் பார்த்து, குறிக்குரியவர் அறையின் படலைத் திறந்து உள்ளே தள்ளுவார்கள். எந்தக் காதில் எந்த மாதிரி வெட்டு இருந்தால் யாருடையது என்பது அந்தப் புத்தகத்தில் இருக்கும்.

எங்கள் பக்கத்து ஆடுகளுக்கும் காதுக்குறி உண்டு என்று நான் சொன்னேன். இடது காதின் பின்னோரத்தில் இரண்டு வெட்டு, பக்கம் பக்கமாக, அது எங்கப்பா குறி.

"வந்து எங்களோட ஓட்டுங்க, விருந்தாளிங்க வந்தா நல்லது, சத்தம் போட ஆள் வேணும்" என்றார் ஆஸ்கெய்ர். வேணி தமிழில் சொன்னாள்.

எனக்கு மலையேற இஷ்டமில்லை. ஆனால் வேணி போவாள், வேணியின் சட்டை நுனி போகும். அதனால் நானும் போனேன்.

பாதி மலையில் மூடுபனி வந்தது. வந்தது என்றால், கதவைச் சாத்தினது மாதிரி வந்தது. என் விரலில் சட்டை நுனி இல்லை. "வேணி" என்றேன். சத்தம் என் வாய்க்கு முன்னாலேயே நனைந்து விழுந்தது. "வேணி, ஏ வேணி" என்றேன். கையில் இருந்ததைத் தொலைத்துவிட்டு நிற்கிற அந்த நிற்பு எனக்குப் பழக்கமானது, அதே வெறும் வெளி. என் வாய் என்னைக் கேட்காமல் திறந்துகொண்டது. நாற்பத்தோரு வருஷமாகப் போடாத சத்தம், ஆட்டை அழைக்கிற சத்தம், "ஹோ… ஹைய்… ப்பா ப்பா ப்பா" என்று அடிவயிற்றிலிருந்து கிளம்பி, மூடுபனியைக் கிழித்துக்கொண்டு போனது.

முதலில் வேணி வந்தாள், "எதுக்கும்மா இப்படிக் கத்துற, நான் பக்கத்துலதான் நிக்கேன்" என்று திட்டிக்கொண்டே. அவளுக்குப் பின்னால் ஒரு மணிச்சத்தம் வந்தது. அது செம்மறி மணி இல்லை. பித்தளைச் சொம்பு உடைந்ததில் எங்க மாமா அடித்துக்கொடுத்த மணி. அப்புறம் நெற்றியில் இரண்டு வெள்ளைக்கோடு போட்ட கறுப்பு முகம் ஒன்று வந்தது, அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் இன்னொன்று. கழுத்தில் நான் கட்டிய சிவப்புத்துணியோடு சின்னக்குட்டி வந்தது. கடைசியாகக் கூழைவாலி வந்தது. வாயோரத்தில் ஒரு தாள் நீட்டிக்கொண்டிருக்க, அதை இன்னும் மென்றுகொண்டே வந்தது.

நான் எண்ணினேன். இருபத்து மூன்று.

ஆஸ்கெய்ர் தன் குட்டைக்குதிரையை நிறுத்தி, ஆடுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு சிட்டிகை பொடி போட்டார். "மெலிஞ்சிருக்கு. தூரம் ஜாஸ்தி போல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு எல்லாரும் சேர்ந்து ஓட்டிக்கொண்டு இறங்கினோம்.

பட்டியில் ஸ்டெய்னுன் கூழைவாலியின் தாடையை இரண்டு விரலால் அழுத்தி, தாளை உருவி எடுத்து, ஆட்டிறைச்சி சூப் கொதித்த சட்டியின் மூடிமேல் விரித்துக் காயவைத்தாள். பாதித்தாள்தான் இருந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஊரே சுற்றி நின்று கேட்டது. வேணி வாசித்தாள். மேலே அச்சில் 'தீவு என்றால் என்ன?' என்று இருந்தது. அதற்குக் கீழே பென்சிலில், என் கையெழுத்தில், 'நான்கு பக்கமும்' என்று இருந்தது. அதற்கு மேல் எழுதவில்லை. அதற்குள் கூழைவாலி வந்துவிட்டது, அதைத் துரத்திக்கொண்டு நான் பத்தடி ஓடித் திரும்பிப் பார்ப்பதற்குள் மற்றதுகளும் போய்விட்டன, கூழைவாலியும் போய்விட்டது. கருவேலங்காட்டிலும் கிணற்றிலும் மூன்று நாள் தேடினார்கள், ஒரு புழுக்கைகூடக் கிடைக்கவில்லை.

"அப்ப சரிதான்" என்றாள் ஸ்டெய்னுன். "நீ கேள்வி கேட்டிருக்க. அதுங்க பார்த்துட்டு வரப் போயிருக்குங்க."

எல்லாரும் தலையாட்டிக்கொண்டு சூப் குடித்தார்கள்.

அந்த ஊர் ஆடுகளை எடுத்துக்கொண்ட விதத்தை நான் சரியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கமாக இருந்தால் மைக் கட்டியிருப்பார்கள், உண்டியல் வைத்திருப்பார்கள். அங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை. இந்த ஆட்டுக்கு மயிர் குட்டை, குளிர் தாங்காது என்று ஒரு பெண் சொன்னாள், மறுநாளிலிருந்து தபால் நிலையத்திலும் மீன் அறுக்கிற கூடத்திலும் பேருந்து நிறுத்தத்திலும் பெண்களும் ஆண்களும் ஊசியும் நூலுமாக உட்கார்ந்து, முன்னங்கால் இரண்டுக்கும் துளை விட்டு, மார்பில் பூவேலை போட்டு, இருபத்து மூன்று கம்பளிச்சட்டை பின்னினார்கள். சின்னக்குட்டிக்கு மட்டும் வளர்த்திக்கு இடம்விட்டுப் பின்னினார்கள். அந்த ஊர்க் கோயிலுக்குக் கூரை புல்தரை. ஆடுகள் முதல் நாளே சரிவில் ஏறிக் கூரையை மேய ஆரம்பித்தன, செம்மறிக்கு அந்தப் புத்தி வந்ததே இல்லையாம். பாதிரியார் வெளியே வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, வழிபாட்டை ஒரு மணி நேரம் தள்ளிவைத்தார். ஆடுகள் கத்துகிற சுருதிக்கும் பாட்டுக்காரர்களின் சுருதிக்கும் ஒத்துவராததால், ஆர்மோனியம் மாதிரி ஒன்று வாசிக்கிற அம்மா பாட்டையே அரைக்கட்டை இறக்கினாள். ஆடு குறுக்கிடும் என்று சாலையில் வைத்திருந்த பலகையில் யாரோ தூரிகை எடுத்துவந்து, செம்மறியின் காதைக் கீழே தொங்கவிட்டு, நெற்றியில் இரண்டு வெள்ளைக்கோடு இழுத்துவிட்டார்கள்.

நான் மட்டும்தான் தூங்காமல் தவித்தேன். திரும்பவும் போய்விட்டால்? பகலில் பத்துத் தடவை எண்ணினேன். வேணி, "எண்ணி எண்ணியே தேச்சுருவ போல" என்று கேலி செய்தாள். செய்ததோடு நிற்காமல், குடும்ப வாட்சப் குழுவில் படமும் போட்டுவிட்டாள்.

மூன்றாம் நாள் கால்நடை அதிகாரி வந்தான். இளம் வயது, கையில் அட்டை, கண்ணில் கருணை. கருணையோடு வருகிற அதிகாரியிடம்தான் எனக்குப் பயம் அதிகம்.

"ரத்தம் எடுத்துப் பார்த்தேன், நோய் எதுவும் இல்லை" என்றான். "ஆனா சட்டம் தெரியும்ல. வெளியிலிருந்து வந்த எந்தக் கால்நடைக்கும் இந்தத் தீவில் அனுமதி கிடையாது. ஒருகாலத்துல வெளிநாட்டுச் செம்மறியோட வந்த நோயில மொத்தப் பட்டியும் போனது உங்களுக்கே ஞாபகம் இருக்கும். சனிக்கிழமைக்குள்ள கொன்னு புதைச்சாகணும்."

"வெளியிலிருந்து வந்துச்சுன்னு யாரு சொன்னது?" என்றார் ஆஸ்கெய்ர். "மலையிலிருந்து வந்துச்சு. நான் பார்த்தேன்."

"இது இந்த நாட்டு இனமே இல்லை. காது தொங்குது."

"இந்த வருஷம் மழை ஜாஸ்தி."

"மயிர் குட்டையா இருக்கு."

"அதான் சட்டை போட்டிருக்கே."

சிரிப்பு எழுந்தது. அதிகாரியும் சிரித்துவிட்டு, அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டான். "கப்பல்ல வந்ததுக்குக் காகிதம் இல்ல, அதை ஒத்துக்கறேன். அப்ப ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அதுங்க காதுல ஒரு குறி இருக்கு. அந்தக் குறி யாரோடது? இந்தத் தீவுக்காரங்களோடதுன்னா ஆடும் தீவோடது. வெளிநாட்டுக்காரங்களோடதுன்னா ஆடும் வெளிநாட்டோடது. சனிக்கிழமை மதியம் ஊர்க்கூடத்துல புத்தகத்தைத் திறந்து காட்டுங்க."

அந்த நாலு நாளும் நான் சாப்பிடவில்லை. குறி அப்பாவுடையது என்று ஊரறிய நானே சொல்லியிருந்தேன். நாற்பத்தோரு வருஷம் நான் காத்திருந்தது ஒரே ஒரு விஷயத்துக்கு. அந்த ஆடுகள் அப்பாவுடைய ஆடுகள், இதோ இருக்கின்றன, ஒன்றும் குறையவில்லை என்று நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். இப்போது சொல்ல வாய்ப்பு வந்தது, அதைச் சொன்னால் ஆடு செத்தது.

சனிக்கிழமை மதியம் ஊர்க்கூடம் நிறைந்திருந்தது. ஸ்டெய்னுன் புத்தகத்தை மேசைமேல் வைத்து, முதலில் முதல் பக்கத்தை எழுந்து நின்று வாசித்தாள், எப்போது திறந்தாலும் அதை வாசித்தாக வேண்டுமாம். வேணி என் காதில் தமிழில் சொன்னாள். மலையிலிருந்து குறியோடு இறங்கி வரும் எந்த உயிரும் குறிக்குரியவருக்கே சொந்தம், அதை அவர் சம்மதம் இல்லாமல் யாரும் இந்தத் தீவைவிட்டு ஓட்டக் கூடாது, அடுத்த கோடை வரை இங்கேயே இருந்து அதன் தீனிக்கும் கூரைக்கும் அவர் பொறுப்பேற்க வேண்டும். எழுநூறு வருஷத்துக்கு முந்தைய சட்டம், இன்னும் அழிக்கவில்லை. பிறகு பக்கங்களைத் தள்ளினாள். இடது காது, பின்னோரம், இரண்டு வெட்டு. அந்தக் குறி ஒரு விதவையிடம் இருந்திருக்கிறது, இருநூறு வருஷத்துக்கு முன்னால் அவள் பண்ணையை எரிமலைச் சாம்பல் மூடியது, அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

"காலியா இருக்கு" என்றாள் ஸ்டெய்னுன், என் பக்கம் பேனாவைத் தள்ளி.

அந்த நேரம் பார்த்து வேணியின் செல்போன் அடித்தது. வீடியோவில் என் அண்ணன் சேதுராசு. ஊரில் அப்போது சாயங்காலம், குளித்துத் திருநீறு பூசி, படத்தில் பளபளவென்று இருந்தார்.

"ஏ சீனி! படம் பார்த்தேன். அது நம்ம கூழைவாலிதானே? அந்த மணி நம்ம மாமா அடிச்ச மணிதானே?"

"ஆமாண்ணே" என்றேன். "பாருண்ணே. ஒண்ணுகூடக் குறையல. நான் தொலைக்கலன்னு அன்னைக்கே சொன்னேன்."

"என்னத்த தொலைக்கல? தொலைச்சாத்தானே தாயி கிடைக்கும்? இத்தனை நாளு ஒத்துக்காம இருந்த, இப்ப நீயே சாட்சி கொண்டாந்துட்ட" என்று சிரித்தார். அவருக்குப் பின்னால் அண்ணியும் சிரித்தது கேட்டது. "சரி விடு. அப்பா ஆடுன்னா அது எனக்குப் பாத்தியப்பட்டது. அங்க யாரு ஆபீசரு? நான் லெட்டர் எழுதி அனுப்புறேன், போனைக் குடு, நான் பேசுறேன்."

அதிகாரி எட்டிப் பார்த்தான். "யார் அது? என்ன சொல்றார்?" என்று வேணியிடம் கேட்டான்.

வேணி என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் பொய் சொல்லத் தயாரான ஒரு நல்ல பிள்ளையின் வெளுப்பு இருந்தது. நான் அவள் கையைப் பிடித்து அமர்த்தினேன். எனக்கு அப்போது ஒன்று விளங்கியது. ஆடு கிடைத்தாலும் நான் தொலைத்தவள், கிடைக்காவிட்டாலும் தொலைத்தவள். அந்த வழக்கில் எனக்குத் தீர்ப்பே கிடையாது. என் கையில் இருந்தது இருபத்து மூன்று உயிர் மட்டும்தான்.

"நான் சொல்றதை அப்படியே சொல்லு" என்றேன். "அது எங்க அண்ணன். அவங்க ஆடு தொலைஞ்சு போச்சாம், தேடுறாரு. தொலைஞ்ச ஆடு எதுவும் இங்க இல்ல. இது என் ஆடு. நான் மேய்ச்சலுக்கு விட்டேன், மேஞ்சுச்சு. நான் கூப்பிட்டேன், வந்துச்சு. நடுவுல எவனும் மேய்க்கல, எவனும் தேடலை. கூப்பிட்ட குரலுக்கு வர்ற ஆடு கூப்பிட்டவளுக்குத்தான் சொந்தம்."

"ஏய், என்ன பேசுற நீ?" என்றார் அண்ணன், படத்துக்குள்ளிருந்து. "அப்பா ஆடு இல்லன்னு சொல்றியா? அப்பனையே இல்லன்னு சொல்றியா?"

"அப்பா ஆடு அன்னைக்கே போச்சுண்ணே. அதுக்கு எம் பள்ளிக்கூடத்தை எடுத்துக்கிட்டீங்க. கணக்கு அதோட முடிஞ்சிருச்சு. வச்சிரட்டா?"

வைத்துவிட்டேன். என் வாழ்நாளில் அண்ணன் பேசிக்கொண்டிருக்கும்போது நான் போனை வைத்தது அதுதான் முதல் தடவை. கூடத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள், பொடியோ அழுகையோ தெரியவில்லை.

ஸ்டெய்னுன் கேட்டாள். "பெயர்?"

"சீனியம்மாள்."

"யார் மகள்னு எழுதணும். எங்க வழக்கம் அப்படி."

எங்கள் வழக்கமும் அப்படித்தான், பெயருக்கு முன்னால் அப்பா எழுத்து நிற்கும். த. சீனியம்மாள், தவசி மகள். நான் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தேன். பிறகு ஐந்தாம் வகுப்புக் கையெழுத்தில், தமிழில் எழுதினேன். 'சீனியம்மாள், ஆடு தொலைக்காதவள்.'

வேணி அதை வாசித்துச் சொன்னாள். ஆஸ்கெய்ர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்க தாத்தாவுக்குத் தாத்தாவை மூக்கறுந்தவன்னு எழுதியிருக்கு. அதுக்கு இது எவ்வளவோ தேவல" என்றார்.

அதிகாரி பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டான். "ஆடு தீவோடதுதான், சரி" என்றான். போகிறவன் வாசலில் நின்று, அதே கருணையோடு திரும்பினான். "ஆனா இந்த அம்மாவுக்கு விசா இருபத்தொண்ணாந்தேதி முடியுது. குறிக்குரியவங்க குளிர்காலம் முழுக்க இங்க இருந்தாகணும்னு நீங்கதான் வாசிச்சீங்க. அவங்க விமானம் ஏறின அடுத்த நிமிஷம் ஆடு அனாதை. அனாதை ஆடு என் பொறுப்பு."

இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

எனக்குப் பதில் வேணி பெயரை எழுதலாமா என்று கேட்டோம். குறியை ஒரு தடவை எழுதினால் ஒரு குளிர்காலம் கழியாமல் மாற்ற முடியாது என்றாள் ஸ்டெய்னுன். விசா நீட்டிக்க வேணி நாலு அலுவலகத்துக்குப் போன் போட்டாள், எல்லாரும் அன்பாக மறுத்தார்கள். அண்ணன் தினமும் குழுவில் எழுதினார், அப்பன் பெயரை அழித்தவள் ஊருக்குள் எப்படிக் கால்வைக்கிறாள் பார்ப்போம் என்று. அதையும் படித்தேன், மூன்று மூன்று தடவை படித்தேன். படித்துவிட்டுப் போய் ஆடுகளை எண்ணினேன்.

எனக்குப் பயம் அதிகம். பயந்தவளுக்கு ஒரு வசதி உண்டு, காதில் விழுந்த எதையும் அவள் மறப்பதில்லை. ஒரு நாள் காலையில் கூரைமேல் நின்ற கூழைவாலியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஸ்டெய்னுன் எழுந்து நின்று வாசித்தது எனக்கு வரிவரியாக ஞாபகம் வந்தது. ஆடு என்று அதில் இல்லை. செம்மறி என்றும் இல்லை.

நான் வேணியைக் கூப்பிட்டு, ஸ்டெய்னுன் வீட்டுச் சமையலறைக்குப் போய், என் இடது காதிலிருந்து தோட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தேன்.

"அம்மா, உனக்கென்ன பைத்தியமா?" என்றாள் வேணி.

"உனக்கு மூணு வயசுல காது குத்தும்போது நீயும் இதைத்தான் கேட்ட. பேசாம தலையைப் பிடி."

ஸ்டெய்னுன் காதுக்குறி வெட்டுகிற இடுக்கியை வெந்நீரில் போட்டாள். காது குத்துகிற பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். எனக்கு மாமன் மடி இல்லை, ஒரு மீன்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். இடது காது, பின்னோரம், அரிசி அளவு இரண்டு வெட்டு, பக்கம் பக்கமாக. வலித்தது. ஆனால் அந்த வலியில் ஒரு புதுமை இருந்தது, அதை எனக்கு யாரும் கொடுக்கவில்லை, நானே கேட்டு வாங்கினேன்.

மலையில் தப்பி நின்ற ஆடுகளை ஓட்டிவர இரண்டாம் முறை போவது அவர்கள் வழக்கம். அது இருபதாம் தேதி வந்தது. என் ஆடுகளையும் கூட்டிக்கொண்டு நான் விடியலிலேயே ஏறினேன். வேணியின் சட்டையைப் பிடிக்கவில்லை, அவளைக் கீழே பட்டியிலேயே நிறுத்திவிட்டேன். உச்சியில் பாறைமேல் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டேன். நான்கு பக்கமும் பார்த்தேன். நான்கு பக்கமும் தண்ணீர்தான். தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்திருந்தேன், எடுத்து, விட்ட இடத்திலிருந்து எழுதி முடித்தேன். பிறகு ஓட்டுகிறவர்களின் சத்தம் கேட்டது, "ஹோ, ஹோ" என்று மலை முழுக்க. நான் ஆடுகளுக்கு நடுவில் போய் நின்று, அவற்றோடு இறங்கினேன்.

பட்டியின் நடுக்குடத்தில் எழுபது செம்மறிகளும் இருபத்து மூன்று வெள்ளாடுகளும் நானும் நெரிந்து நின்றோம். ஊர் முழுக்க மதிலைச் சுற்றி நின்றது, அட்டையோடு அதிகாரியும் நின்றான். ஆஸ்கெய்ர் ஒவ்வொன்றாகக் காதைப் பார்த்துக் குறியைக் கத்தினார், ஸ்டெய்னுன் புத்தகத்தைப் பார்த்து உரியவர் பெயரைக் கத்தினாள், படல் திறந்து மூடியது. என் முறை வந்தது. அவர் தொப்பியைக் கழற்றினார். என் தலையை மெதுவாகச் சாய்த்து, முடியை ஒதுக்கி, காதைப் பிடித்துப் பார்த்தார்.

"இடது! பின்னோரம்! ரெண்டு வெட்டு!"

"இது மனுஷி" என்றான் அதிகாரி.

"எந்த உயிரும்" என்றாள் ஸ்டெய்னுன், தலை நிமிராமல். விரலால் வரியைத் தடவி வந்து நிறுத்தி, ஊருக்கே கேட்கிற மாதிரி வாசித்தாள். "சீனியம்மாள், ஆடு தொலைக்காதவள். அவளுக்குச் சொந்தம். அவள் சம்மதம் இல்லாமல் யாரும் தீவைவிட்டு ஓட்டக் கூடாது."

அதிகாரி அந்த முதல் பக்கத்தை மூன்று தடவை படித்தான். பிறகு பேனாவைச் சட்டைப்பையில் செருகிவிட்டு, ஆஸ்கெய்ரிடம் ஒரு சிட்டிகை பொடி கேட்டான்.

என் அறையின் படல் திறந்தது. உள்ளே கூழைவாலி எனக்கு இடம்விட்டு நகர்ந்து நின்றது. நான் நடந்து உள்ளே போய், படலை என் கையாலேயே இழுத்துக் கொக்கியை மாட்டினேன்.